சித்திரை மதுரையில் விளையாட்டும் வழிபாடும்

மதுரையில் கோடை விடுமுறையும் சித்திரைத் திருவிழாவும் ஒன்றாக வருகின்றன. முழுப்பரீட்சை முடிந்து தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்து சேரும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் பொழுது போதாது. மாசி வீதிகளில் தேர், பொருட்காட்சியும் ராட்டினமும், வெயிலுக்கு ஜிகர்தண்டா, வைகையில் இறங்கும் திருமாலான கள்ளழகர். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதோ வேறு: வேடிக்கை பார்ப்பதோடு வந்துவிடாதே, சாமியைக் கும்பிட்டுவிட்டு வா. இந்த அறிவுரைக்குள் பழைய சமயக் கேள்வி ஒன்று இருக்கிறது. மகிழ்ச்சிக்காகச் செய்வதும் இறைவனுக்காகச் செய்வதும் வேறு வேறா?

தமிழ் மரபு விளையாட்டைத் தாழ்வாக எண்ணியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், துன்பம் கலவாத உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக அதை வைக்கிறது. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் தந்தத்தால் ஆன பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகும் தாத்தா, வைகைக்கரை மனிதர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காய் நகர்த்தி ஆடியதைக் காட்டலாம்.

மனிதர் ஆடுவது சரி, இறைவன் ஆடுவானா? எல்லாம் நிறைந்தவன் உலகைப் படைக்க வேண்டிய தேவை என்ன என்ற தடையைப் பிரம்ம சூத்திரம் எழுப்பி, அது உலக வழக்கில் காணும் விளையாட்டைப் போன்றது என்று விடை சொல்கிறது. குறை உள்ளவன் தேவைக்காகச் செயல்படுகிறான். குறை இல்லாதவனின் செயலுக்கு விளையாட்டே உவமை. ஆனால் இந்த விடை ஓர் இடத்தில் உறுத்துகிறது. உயிர்கள் படும் துன்பம் ஒருவனுக்கு விளையாட்டா? அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இந்த இடத்தைக் கவனமாகக் கடக்கிறது. இறைவனின் ஐந்தொழிலை விளையாட்டு என்று சொல்வதற்கு இடம் தருகிறது. கூடவே, உயிர்களுக்குப் போகமும் வீடும் தந்து மலம் என்னும் மாசைத் துடைக்க அருளால் செய்வது என்ற காரணத்தையும் வைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளையாட்டு என்பது பயனின்மை ஆகாது. வருத்தமில்லாமல் பிறருக்காகச் செய்வது என்ற பொருள் அதற்குக் கிடைக்கிறது. இதுவே வலுவான விடை.

மதுரை இந்த விடையைக் கதையாகவே வைத்திருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மதுரைச் சிவனான சொக்கநாதரின் 64 ஆடல்களைப் பாடுகிறது. அவற்றுள் பிட்டுக்கு மண் சுமந்த கதை எந்தப் பிள்ளைக்கும் உடனே பிடிக்கும். வெள்ளத்தில் உடைந்த வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது அரசாணை. ஆளில்லாத வந்திக்கிழவிக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டு சிவன் கூலியாளாக வருகிறான். வந்தவன் வேலை செய்தானா? பாடினான், ஆடினான், பிட்டைத் தின்றான், படுத்து உறங்கினான். பாண்டியன் பிரம்பால் அடித்தான்; அந்த அடி எல்லா உயிர்மேலும், அடித்தவன் முதுகிலும் விழுந்தது. வேலைநேரத்தில் ஆடியதற்காகக் கடவுளே அடி வாங்குகிறார். ஆனாலும் ஒரு கூடை மண்ணில் கரை அடைகிறது, கிழவிக்கு வீடுபேறு கிடைக்கிறது. ஆட்டம் முழுவதும் அவளுக்காக.

அந்த வெள்ளம் மாணிக்கவாசகரின் பொருட்டு வந்தது என்கிறது புராணம். அவருடைய திருவாசகத்தில் அம்மானை, ஊசல், சாழல், பூக்கொய்தல் எனப் பெண்கள் ஆடும் ஆட்டங்களே பாட்டின் வடிவங்கள். ஆண்டாளும் கண்ணனிடம் மணல் வீட்டைச் சிதைக்காதே என்று கெஞ்சும் சிறுமியாகப் பாடினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் அவள் மாலையைச் சூடியே அழகர் ஆற்றில் இறங்குகிறார்.

இன்பத்தை ஐயுறும் எதிர்த்தரப்பும் மதுரைக்கு அருகிலேயே இருக்கிறது. கீழக்குயில்குடியில், தாமரைக்குளத்துக்கு மேலே சமணர் மலை. விடியற்காலையில் ஏறினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். மேலே தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. புலனின்பத்தைக் குறைத்தால்தான் உயிர் தூய்மையாகும் என்று நம்பியவர்களின் இடம் அது. அந்த எச்சரிக்கையை எளிதில் தள்ளிவிட முடியாது. இன்பம் தன்னையே நோக்கித் திரும்பும்போது அது பசியாகிவிடுகிறது. பொருட்காட்சியில் எத்தனை முறை ராட்டினம் ஏறினாலும் போதவில்லை என்று தோன்றும் மாலை எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

சித்திரா பௌர்ணமியன்று வைகையில் ஆட்டமும் விரதமும் உரசுகின்றன. அழகர்கோவிலிலிருந்து வெயிலில் வரும் கள்ளழகரைக் குளிர்விக்க, விரதம் இருந்தவர்கள் தோல்பையில் நீர் நிரப்பிச் சிறு குழாய் வழியே பீய்ச்சுகிறார்கள். சொம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றிக் காட்டுபவர்களும் உண்டு. நனைந்து சிரிக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் நேர்த்திக்கடன் செலுத்துபவருக்கும் அந்த நிமிடத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். கண்டுபிடிக்கத் தேவையும் இல்லை. அண்மை ஆண்டுகளில் சிலர் உயர் அழுத்தப் பம்புகளைக் கொண்டுவந்தபோது அவற்றுக்குத் தடை வந்தது. அந்த வேகம் சாமி சிலைக்கும் பட்டருக்கும் குதிரை வாகனத்துக்கும் கேடு. குளிர்விக்க வந்த நீர் அடிக்கும் நீராகிவிடுகிறது. தோல்பை இன்றும் அனுமதிக்கப்படுகிறது.