நடக்கும் தொலைவில் வாழ்வு

வீடு தேடுவோர் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு, அறைகள் எத்தனை என்பனவே. வாசலைத் தாண்டியபின் எங்கே நடந்து போக முடியும் என்று கேட்போர் மிகச் சிலர். மகிழுந்து உடையவருக்கு அக்கேள்வி எழுவதில்லை. மகிழுந்து இல்லாதவருக்கும், அது வேண்டா என முடிவு செய்தவருக்கும் அதுவே முதற் கேள்வி. கோலாலம்பூரும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கும் போலப் பரந்து விரிந்த நகர்ப்புறத்தில் எந்த வட்டாரத்தில் குடியேறுவது என்பது வசதி பற்றிய கணக்காகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் அஃது அறம் பற்றிய வினாவும் ஆகும்.

இந்நகர் தொடக்கத்தில் இவ்வாறு பரந்திருக்கவில்லை. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. அவர்களுள் தமிழர் பலர். அவர்கள் வேலைக்கு நடந்து சென்றனர். கோயிலும் கடையும் அருகிலேயே இருந்தன. 1950-களில் பெட்டாலிங் ஜெயா துணை நகராக உருவாயிற்று. ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின, நெடுஞ்சாலைகள் பெருகின. 1985-இல் புரோட்டோன் சாகா வெளிவந்தபின் சொந்த மகிழுந்து நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாயிற்று. வீடு ஓரிடம், வேலை வேறிடம், சந்தை மற்றோரிடம் என வாழ்க்கை சிதறியது.

இதற்காக மகிழுந்தைப் பழிப்பது எளிது; ஆனால் நேர்மையாகாது. தோட்டத்து வாழ்வை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கே லயத்து வீடும் ரப்பர்க் காடும் பள்ளியும் கோயிலும் நடக்கும் தொலைவில்தான் இருந்தன. எனினும் அந்த அண்மை தொழிலாளி தேர்ந்துகொண்டதன்று. விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் தவறாமல் வரவேண்டும் என்பதற்காக நிருவாகம் அமைத்துக்கொண்டது. வேலை போனால் வீடும் போய்விடும். அத்தகைய இடத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தின் மகன், முதல் மகிழுந்தை வாங்கித் தாயை அதில் ஏற்றிச் சென்ற நாளில் கொண்ட பெருமிதம் வெறும் ஆடம்பரம் அன்று. எவரிடமும் கேளாமல் புறப்படலாம் என்னும் உரிமையை அவ்வண்டி குறித்தது. ஆகவே அண்மை தானாகவே நன்மையாகிவிடாது. தொலைவு தானாகவே தீமையாகிவிடாது. விரும்பித் தேர்ந்ததா, வேறு வழியின்றி ஏற்றதா என்பதே கருதத்தக்கது.

அந்த அளவுகோலை இன்றைய நகருக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். பல தாமான்களில் ஒரு கட்டுக் கீரை வாங்கவும் மகிழுந்தின் சாவியைத் தேட வேண்டியிருக்கிறது. புறப்படும் உரிமையைத் தந்த பொருளே, தானின்றிப் புறப்பட முடியாது என்னும் நிலையையும் உண்டாக்கிவிட்டது. தவணை, எண்ணெய், சுங்கக் கட்டணம், காப்புறுதி என ஊதியம் கரைகிறது. வண்டி ஓட்ட இயலாதோர் இழப்பதோ இதனினும் பெரிது. தோட்டத்தில் பேரனைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற பாட்டி, தாமானுக்கு வந்தபின் மருந்தகத்துக்குப் போகவும் மகனின் விடுமுறை நாளுக்குக் காத்திருக்கிறாள். தோட்டத்து மக்கள் நகருக்குப் பெயர்ந்தபோது தமிழ்ப்பள்ளிகள் பல பழைய இடங்களிலேயே நின்றுவிட்டன. அதனால் விடியுமுன் எழுந்து வேனில் ஏறும் பிள்ளைகளை ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

அவ்வாறாயின் மகிழுந்தின்றி வாழ விரும்புவோர் எவ்வாறு இடம் தேர்வது? இந்நகரில் 1995-இல் கொமுட்டர் இரயிலும், 1996-இல் இலகு இரயிலும், 2003-இல் மோனோரயிலும், 2016-இல் எம்.ஆர்.டி. இரயிலும் ஓடத் தொடங்கின. நிலையத்தின் பெயரைச் சொல்லியே வீடு விற்போர் உளர். வரைபடத்தில் அரைக் கிலோமீட்டர் தொலைவில் நிலையம் தெரியலாம். இடையே நெடுஞ்சாலை ஒன்று குறுக்கிட்டால் அந்த அரைக் கிலோமீட்டரைக் கடப்பது அரிது. ஆகவே வீட்டைப் பார்க்கச் செல்வோர் நிலையத்தில் இறங்கி நடந்தே செல்லுதல் வேண்டும். நண்பகல் வெயிலில் ஒரு முறையும், மாலை மழையில் ஒரு முறையும், இரவில் ஒரு முறையும் நடத்தல் நன்று. நடைபாதை இடையில் அறுபடுகிறதா, கால்வாய் மூடப்பட்டுள்ளதா, விளக்கு எரிகிறதா எனக் காணவேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் பேருந்து எப்பொழுது வருகிறது என்பதை நிறுத்தத்தில் நின்றே அறியவேண்டும்.

வெப்ப நாட்டில் நடப்பவருக்கு நிழல் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரமைப்பு விதிகளுள், வீடுகளின் முன்னே கூரையிட்ட நடைபாதை தொடர்ந்து அமையவேண்டும் என்பதும் ஒன்று. அந்த ‘ஐந்தடி’ நடைபாதை மலாயாவின் நகரங்களிலும் பரவியது. கட்டடம் தன் உடைமையாளருக்கு மட்டுமன்றி முன்பின் அறியாத வழிப்போக்கருக்கும் கடன்பட்டது என்னும் எண்ணம் அதில் அடங்கியுள்ளது.

பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கி வருகிறது. அவ்வட்டாரத்தில் பார்வையற்றோர் வெண்கோல் துணையுடன் நிலையத்துக்கும் உணவகத்துக்கும் தாமே செல்வதைக் காணலாம். நெரிசலும் இரைச்சலும் மிகுந்த இடம்தான் அது. ஆயினும் பிறர் கையை எதிர்பாராமல் ஒருவர் தம் அலுவலை முடித்துக்கொள்ள அங்கே வழியிருக்கிறது. பெரிய பூங்காவும் அழகிய வீடுகளும் உள்ள தாமான்கள் பலவற்றில் அந்த வழி இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். நிலையத்தின் அருகே வீட்டு விலை ஏறுகிறது. வருவாய் குறைந்தோர் மலிவான ஓரப் பகுதிகளுக்குத் தள்ளப்படுகின்றனர். அங்கே மோட்டார் சைக்கிள் இன்றி வேலைக்குச் செல்ல இயலாது. அவர்களை நோக்கி நடந்து வாழுமாறு உபதேசிப்பது அறமாகாது. தேர்வு இல்லாத இடத்தில் பழியும் இல்லை. பொறுப்பு நகரை அமைப்போரிடமும் தேர்ந்துகொள்ள வசதியுள்ளோரிடமுமே சேர்கிறது. வசதியுள்ளோர் அனைவரும் கைவிட்ட பேருந்துத் தடம் நாளடைவில் நின்றுபோகும். அப்பொழுது, அதையன்றி வேறு துணையற்ற மூதாட்டிக்கும் அது இல்லாமற் போகும். மகிழுந்து வாங்க முடிந்தும் பேருந்தில் ஏறும் ஒருவர், தமக்குத் தெரியாமலேயே அம்மூதாட்டியின் வழியைக் காத்து நிற்கிறார்.

ஆகவே வீடு பார்க்கச் செல்வோர், ‘இங்கிருந்து நாம் எவ்வளவு விரைவாகச் செல்லலாம்?’ என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. ‘இங்கே நம் வீட்டுப் பிள்ளையும் முதியவரும் எவர் தயவையும் நாடாமல் எதுவரை போய்த் திரும்பலாம்?’ என்றும் கேட்டல் வேண்டும். அக்கேள்விக்கு நல்ல விடை தரும் வட்டாரத்தில் வீடு சற்றுச் சிறிதாயினும் குறையில்லை.