எழுதினவன் யார்?

2011ல் ரோலண்ட் எமரிக் எடுத்த 'அனானிமஸ்' படத்தில் ஷேக்ஸ்பியர் ஒரு குடிகாரன். எழுதத் தெரியாத நடிகன். நாடகங்களை எழுதுகிறவர் ஆக்ஸ்போர்டு பிரபு எட்வர்ட் டி வேர். படம் பார்த்தவர் மனசில் இந்த முகந்தான் தங்கும். வீட்டுக்குப் போய் வரலாற்றைப் புரட்டி யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

கற்பனைக்கு உரிமை இல்லையா என்பார்கள். இருக்கு. 1998ல் வந்த 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படமும் இல்லாத காதலியை உண்டாக்கியது. ஆனால் பேனாவை அவர் கையிலேயே விட்டுவைத்தது. இங்கே அதைப் பிடுங்கிப் பிரபு கையில் கொடுக்கிறார்கள். பொய் யாருக்குச் சாதகமாகச் சொல்லப்படுகிறது என்பதுதான் அறம் சார்ந்த கேள்வி.

டி வேர் 1604ல் செத்துப்போனார். 'தி டெம்பஸ்ட்' 1610-11 வாக்கில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. எழுதி வைத்துவிட்டுச் செத்தார் என்று படம் சமாளிக்கிறது. 1920ல் தாமஸ் லூனி புத்தகம் போட்டதிலிருந்து இந்த வாதம் ஓயவில்லை. கையுறை தைத்தவன் மகன், பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவன், அரசவையைப் பற்றி இவ்வளவு எழுதுவானா? "இவனுக்கு எங்கேருந்துடா வந்துச்சு இந்த அறிவு?" நாம் கேட்டுக் கேட்டுப் பழகின குரல் இது. வள்ளுவருக்குப் புலைச்சியைத் தாயாக்கின கதை, கூடவே ஒரு பார்ப்பனத் தகப்பனையும் ஏன் சேர்த்தது? அயோத்திதாசப் பண்டிதர் அந்தக் கதையையே பொய்யென்று மறுத்தார்.

ஷேக்ஸ்பியரை நம் ஆளாக்க வேண்டியதில்லை. தோல்வேலை அங்கே தீட்டில்லை. அவர் அப்பா 1568ல் ஸ்ட்ராட்ஃபோர்டு நகரத் தலைவராகவே இருந்தார். மார்லோவின் அப்பா செருப்புத் தைத்தவர். பென் ஜான்சனை வளர்த்த மாற்றாந்தகப்பன் கொத்தனார். அந்தக் காலத்து ஆங்கில நாடகத்தை உயர்த்தினதே இந்த வீட்டுப் பிள்ளைகள்தான். தீட்டு இல்லாத ஊரிலேயே கைவேலைக்காரன் மகனுடைய அறிவை இப்படிச் சந்தேகிக்கிறார்கள் என்றால், தீட்டும் சேர்ந்த ஊரில் நம் எழுத்தை என்ன பாடு படுத்துவார்கள்?

ஆட்டம் வேணும், ஆடினவன் வேண்டாம். பாட்டு வேணும், பாடினவன் வேண்டாம். அந்தப் படம் செய்கிற காரியம் இதுதான். நாடகங்களைக் கும்பிடுகிறது, எழுதினவனைக் கேலிப்பொருளாக்குகிறது.

"இதை உண்மையில் எழுதினது யார்?" என்று திரை கேட்டால், பதில் தேடி ஓட வேண்டாம். "யாரால் எழுதியிருக்க முடியாதுன்னு நீ முடிவு பண்ணினே, அதை முதலில் சொல்லு" என்று திருப்பிக் கேட்கணும்.