இருப்பதே சம்மதமா?

கி.மு. 399. ஏதென்ஸ் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த சாக்ரடீஸைத் தப்புவிக்க நண்பர் கிரிட்டோ எல்லா ஏற்பாடுகளையும் செய்துவிட்டு வந்தார். சாக்ரடீஸ் மறுத்துவிட்டார். எழுபது வருடம் இந்த ஊரில் வாழ்ந்தாயிற்று. சட்டங்கள் பிடிக்கவில்லையென்றால் எப்போதோ கிளம்பியிருக்கலாம். கிளம்பாமல் இருந்ததே அவற்றுக்குக் கொடுத்த வாக்கு என்பது பிளேட்டோ பதிவுசெய்த வாதம்.

இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து அந்த வாதத்துக்கு மறுபிறவி. உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து சிதறியதைக் கண்ட தாமஸ் ஹாப்ஸ், 1651இல் வெளிவந்த 'லெவியதான்' நூலில், பயந்து கொடுத்த சம்மதமும் செல்லும் என்றார். கத்திமுனையில் வாங்கிய வாக்கு செல்லாது என்றார் ஜான் லாக். சரி, குடிமக்கள் எந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள்? லாக் சொன்ன பதில்: ஒரு நாட்டில் நிலம் வைத்திருப்பவர் மட்டுமல்ல, அதன் நெடுஞ்சாலையில் நடப்பவரும் மௌனமாகச் சம்மதித்தவரே.

டேவிட் ஹியூம் 1748இல் இதை மடக்கினார். வேற்றுமொழி அறியாத, அன்றாடக் கூலியில் வயிறு கழுவும் ஏழை எந்த நாட்டுக்குப் போவான்? தூங்கும்போது கப்பலில் ஏற்றப்பட்டவன் கடலில் குதிக்காமல் இருப்பதால் கப்பல் தலைவனுக்குச் சம்மதித்தவன் ஆகிவிடுவானா? அரசின் அதிகாரம் மக்களின் சம்மதத்தில் நிற்கிறது என்னும் ஒப்பந்தக் கோட்பாட்டின் மீது விழுந்த மிக வலுவான அடி இதுதான்.

ஆனால் ஹியூமின் கப்பல் காட்டாத ஒரு நிலைமையும் உண்டு: இருக்க விரும்பியும் இருக்க விடப்படாதவர்களின் நிலைமை. இந்திய வம்சாவளியினரான இலங்கையின் மலையகத் தமிழர்கள் தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். அவர்கள் நடந்த பாதைகளை லாக் பார்த்திருந்தால் சம்மதத்துக்கு வேறு சாட்சி கேட்டிருக்க மாட்டார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாழ்ந்த இடம் மனிதரைச் சட்டத்துக்குக் கட்டுப்படுத்துமானால், அதே வாழ்க்கை அரசையும் அவருக்குக் கட்டுப்படுத்த வேண்டாமா? ஒரு பக்கம் மட்டும் கட்டுப்படுவது எப்படி ஒப்பந்தமாகும்?

1964 அக்டோபரில் உண்மையாகவே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் இடையே. மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. மீதிப் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அதற்குப் பிறகும் நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் 2003இல் நிறைவேற்றியது.