கைவிட்ட பொருள் யாருடையது?

வந்தவாசிப் பக்கம் எங்கள் கழனி வீட்டுக்கு மின்கம்பம் வரவில்லை. கூரையில் சோலார் பேனல், உள்ளே ஒரு டியூபுலர் பேட்டரி, அவ்வளவுதான். பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடும் சமணக் குடும்பத்துக்காரிக்கு ராத்திரி வெளிச்சம் எதற்கு என்று உறவில் கேலி செய்வார்கள். படிக்க வேண்டுமே! மே மாதம் விசிறி இல்லாமல் தூங்கவும் முடியாது.

எங்கள் நெறியில் இல்லறத்தாருக்கு ஐந்தாவது விரதம் மிகுபொருள் விரும்பாமை. துறவியைப்போல் எல்லாவற்றையும் விடச் சொல்வதில்லை. இவ்வளவு போதும் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிக்கொள்ளச் சொல்கிறது. பேட்டரி வாங்கும்போதும் வரம்பில்தான் தொடங்க வேண்டும். "ரெண்டா எடுத்துக்குங்க டீச்சர், பின்னாடி உதவும்" என்றார் கடைக்காரர். நான் கணக்குத் தாளை நீட்டினேன். 9 வாட் விளக்கு நான்கு, நான்கு மணி நேரம் எரிந்தால் 144 வாட்-மணி. 28 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 224. கைபேசி, ரேடியோ சேர்த்து நாளுக்கு 400 என்று வைத்துக்கொள்ளலாம். வெயில் இல்லாத இரண்டு நாளைத் தாங்க 800. இந்த ரகத்தைப் பாதிக்குமேல் அடிக்கடி வடியவிட்டால் ஆயுள் குறையும், ஆக 1,600. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி 1,800 கொள்ளும். மிச்சம் வயரிலும் இன்வெர்ட்டரிலும் போகும் சேதாரத்துக்கு. ஒன்றே போதும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பழையதோடு புதியதை இணைப்பது வீண். பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. மட்டம் இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றவேண்டும். ஆவியாவதும் பிரிந்து வாயுவாவதும் தண்ணீர்தான், அமிலம் அங்கேயேதான் இருக்கிறது. ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தால் சோர்ந்த செல் எது என்று தெரிந்துவிடும். பாதி சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு லேசில் கரையாது. வெப்பம் 25 டிகிரிக்குமேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பார்கள். எங்கள் ஊர்க் கோடைக்கு நிழலும் காற்றோட்டமும் கட்டாயம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வேறு கிளம்புகிறது.

இதுவரை எனக்குச் சிக்கல் இல்லை. பேட்டரி செத்த பிறகுதான் கேள்வி. அமிலத்தோடு ஐம்பது கிலோவைத் தாண்டும் அந்தப் பெட்டியைக் காயலான் கடைக்காரர் கேட்டார், நல்ல விலைக்கு. "கொடுத்துட்டா உன் பாரம் தீர்ந்துச்சு" என்றார் என் அத்தை மகன். பற்றை விடு என்று விரதம் சொல்லவில்லையா?

சொல்கிறதுதான். ஆனால் அருங்கலச்செப்பு போன்ற இல்லற நூல்கள் அனர்த்த தண்டம் என்று இன்னொன்றையும் விலக்கச் சொல்கின்றன. விஷம், ஆயுதம்போல் கொல்லும் பொருளைப் பிறர் கையில் கொடுப்பது அதில் அடங்கும். பேட்டரியைச் சுத்தியலால் உடைத்து, அமிலத்தை ஓடையில் கவிழ்த்து, தகட்டை வெளியில் உருக்குகிற கை எதுவென்று தெரிந்தும் நீட்டினால், நான் விட்டது பற்றையா, பொறுப்பையா? செனெகலில் டாக்கர் நகரையொட்டிய தியாரோயில் பழைய பேட்டரிக் காரீயம் கலந்த மண்ணைத் தோண்டிச் சலித்தார்கள். 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தன. அந்த பேட்டரிகளுக்கும் முன்பு சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள். எல்லாரும் கைகழுவியவர்கள்.

வீட்டு வேலையில் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சையை ஆரம்பி என்றும், நினைந்து செய்வதைச் சங்கல்பி என்றும் எங்கள் பெரியவர்கள் பிரிப்பார்கள். பேட்டரி வைத்திருப்பது முதல் வகை என்றே நினைக்கிறேன். முடிவு தெரிந்தபின் கூடுதல் காசுக்காகக் கொடுப்பது இரண்டாவதன் வாசலில் நிற்கிறது. விலை குறைந்தாலும் ரசீது போடும் டீலரிடமே கொடுத்தேன். 2022 பேட்டரிக் கழிவு விதிகளும் பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. தண்ணீர் ஊற்றிக் கூடுதலாக ஓட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஓர் உலையைத் தள்ளிப்போடுகிறது என்பதால், அதையும் கொல்லாமைக் கணக்கிலேயே எழுதுகிறேன். அத்தை மகனுக்கு இது அதிகப்பிரசங்கித்தனம்.

உரிமம் பெற்ற ஆலையிலும் காரீயப் புகைக்கு எதிரே ஒருவர் நிற்கத்தான் செய்கிறார். ரசீது அவருக்குப் பதில் சொல்லாது. அடுத்தது லித்தியம் வாங்கலாமே என்கிறான் மகன். வாங்கலாம், சுரங்கத்திலிருந்து குப்பைவரை அதன் கணக்கை அவன் முதலில் ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும்.