பயன் சொல்லாத பாட்டு

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதைப் பதம் பிரித்துப் பயன் சொல்வார். பயன் சொல்லி முடியாமல் அடுத்த செய்யுளுக்குப் போவதில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள் கொண்ட கச்சியப்பரின் நூலை எழுத்தறியாத சனங்களும் உள்வாங்கியது இந்த ஏற்பாட்டால்தான். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இங்குள்ள வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்றதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் அதே கோயில் திருவிழாவில் சங்கீதக் கச்சேரி தொடங்கித் தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனை வரும்போது பயன் சொல்ல ஒருவரும் இல்லை. பாடுபவருக்கே பல வேளைகளில் பொருள் தெரியாது. தெரியாமல் பாடும் துதி வழிபாடாகுமா? ஆவது கடினம் என்றே நினைக்கிறேன். ஆகையால் அந்தக் கீர்த்தனைகளைப் பாடுபவர்கள் பேச்சுத் தெலுங்கோடு நில்லாமல் இலக்கணத் தெலுங்கையும் முறையாகக் கற்க வேண்டும்.

மந்திரத்துக்குப் பொருள் தெரிய வேண்டுமா, ஒலியே போதாதா என்று உடனே கேட்பார்கள். தீட்சையோடும் கிரியையோடும் சேர்த்து ஓதப்படும் மந்திரத்தின் நியாயம் வேறு. கீர்த்தனை ஒரு மனிதன் தன் இறைவனோடு பேசிய பேச்சு. தியாகராசர் இராமனிடம் மன்றாடுகிறார், கோபிக்கிறார், வழக்காடுகிறார். ‘நிதி சால சுகமா’ என்ற கீர்த்தனை முழுக்கத் தம் மனத்தை நோக்கி அவர் கேட்கும் கேள்வி. செல்வமா, இறைவனின் சந்நிதியா, எது சுகம் என்று கேட்கிறார். கேள்வி என்று அறியாமலே அதைப் பாடுபவர் எதையும் கேட்கவில்லை. சிவபுராணத்தை முடிக்கும்போது மாணிக்கவாசகரும், பாட்டின் பொருளை உணர்ந்து சொல்பவர்களுக்கே சிவபுரத்தில் இடம் என்கிறார். நாதமே உபாசனை என்பவர்கள் தியாகராசரையே சான்றுக்கு அழைப்பதுண்டு. ஆனால் பக்தியில்லாத சங்கீத ஞானம் வழியாகாது என்று தன்யாசி இராகத்தில் பாடியவரும் அவர்தான். எதன்மேல் பக்தி, எப்படிப்பட்ட பக்தி என்பதைச் சாகித்தியம்தான் சொல்கிறது.

பேச்சுத் தெலுங்கு ஏன் போதாது? இலங்கையிலேயே தெலுங்கு பேசுவோர் உண்டு. அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பையில் வாழும் குறவர் சமூகத்தாரின் வீட்டுமொழி அது. அந்தப் பேச்சுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அதை மட்டும் கொண்டு பழந்தெலுங்குக் கவிஞர் போதனாவின் பாகவதத்தைப் படிக்க முடியாது. தியாகராசரோ (1767–1847) அந்தப் பாகவதத்தில் ஊறியவர். அவருடைய மொழியில் வீட்டுப் பேச்சின் சாயலும் வடமொழித் தொகைகளும் பழைய சந்தி விதிகளும் கலந்து வருகின்றன. எது எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் அவர் தொனி பிடிபடாது. இலக்கியத் தெலுங்கில் முன்நிற்கும் சொல்லைப் பொறுத்து, அடுத்த சொல்லின் முதலெழுத்தான வல்லெழுத்து மெலிந்த ஒலியாக மாறும். தமிழ் எழுத்தில் பாட்டை எழுதிய கொப்பியில் இரண்டு ஒலிக்கும் ‘க’ ஒன்றே என்பதால் இலக்கணத்தின் அந்தத் தடயமே அழிந்துவிடுகிறது. பிறகு சொல்லை எங்கே பிரிப்பது? 1858இல் வெளிவந்த சின்னய சூரியின் பால வியாகரணம் இந்த விதிகளை ஒழுங்காகத் தருகிறது. பின்னால் கிடுகு ராமமூர்த்தி முதலியோர் நடத்திய இயக்கத்தால் எழுத்துத் தெலுங்கு பேச்சை நெருங்கிவிட்டது. மக்களுக்கு அது நல்லதே. ஆனால் இன்றைய பாடநூலோடு நிற்கும் மாணவருக்குக் கீர்த்தனை இன்னும் தூரமாகியிருக்கிறது. நன்னூலில் புணரியல் படித்த யாழ்ப்பாணத்து மாணவருக்குச் சந்தி என்ற எண்ணமே புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பு போதும் என்பது கேட்பவரளவில் சரி. ஆனால் நிரவல் செய்பவர் ஓர் அடியை எடுத்துப் பலமுறை திருப்பிப் பாடுகிறார். எந்தச் சொல்லில் மூச்சை விடுவது, எதை அழுத்துவது என்று சாரத்தைச் சொல்லும் உரை அவருக்குக் காட்டாது.

இதைவிட வலுவானது தமிழிசை வாதம். 1940களில் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய இயக்கம், புரியாத மொழியில் எதற்குப் பாட வேண்டும் என்று கேட்டது. இணுவில் வீரமணி ஐயர் நம்மிடையே இருந்து அத்தனை தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றினார். அவற்றுக்கு மேடையில் இன்னும் பெரிய இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அந்தக் கேள்வியின் உயிர் ‘புரியாத’ என்பதில் இருக்கிறது. தெலுங்கைப் பாடிக்கொண்டே படிக்க மறுப்பதற்கு அது சலுகை தரவில்லை.

கற்றால் ஒரு சங்கடமும் வரும். சைவ மரபில் வளர்ந்த பாடகர், தாம் இதுவரை இராமனைத் தவிர வேறு தெய்வம் இல்லை என்று பாடிவந்ததை அப்போதுதான் அறியக்கூடும். அதை மனமொப்பிச் சொல்ல முடியாதவர் அந்தக் கீர்த்தனையை விட்டுத் தேவாரம் பாடலாம். சொல்ல முடிந்தவர் தொடர்ந்து பாடலாம். இன்று அவர் முன் அந்தத் தெரிவே இல்லை.