நகையும் இகழ்ச்சியும்

நகைச்சுவை நடிகர் ஒருவர் மறைந்தார் என்ற செய்தி செவியில் விழும்போது மனித உள்ளத்தில் விந்தையானதொரு நிகழ்ச்சி இடம்பெறுகின்றது. துயரம் தோன்றுவதற்கு முன்னரே அவர் பேசிய பேச்சொன்று நினைவில் எழுகின்றது. உதட்டிற் சிரிப்பு அரும்புகின்றது. அவர் இனி இல்லை என்னும் உணர்வு அதன் பின்னரே வந்து சேர்கின்றது. 2016 ஜூலையில் ‘மரிக்கார்’ எஸ். ராம்தாஸ் காலமானபோது இலங்கைத் தமிழ் நேயர் பலர் இந்நிலையினையே அடைந்தனர். வானொலி, மேடை, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய நான்கிலும் சிரிப்பை விதைத்தவர் அவர். இத்தகைய ஒருவருக்குச் சிரித்தவர்கள் பட்டிருக்கும் கடன் யாது? புகழுரை கூறுவது எளிது. ஆனால் அவர் எழுப்பிய சிரிப்பு எத்தகையது, அறத்தின் முன் அது நிற்குமா என்று ஆராய்வதே அவருக்குச் செய்யும் உண்மையான அஞ்சலியாகும்.

எழுபதுகளில் இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் நகைச்சுவைத் தொடர் ஒலிபரப்பாயிற்று. அதன் வெற்றி 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படம் தோன்ற வழிவகுத்தது. அதன் உயிர் பேச்சுவழக்கிலேயே இருந்தது. ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களம் கலந்த தமிழ் பேசினார். பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகப் பிராமணத் தமிழ் பேசினார். ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார். முஸ்லிம் ஒருவர் ஐயராகவும், முஸ்லிம் அல்லாத ஒருவர் மரிக்காராகவும் விளங்கிய அக்காட்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது.

பதுளை நகரின் கடைவீதியை அறிந்தவர்க்கு இக்குரல்கள் புதியன அல்ல. முஸ்லிம் வணிகரின் தமிழையும், வடக்கிலிருந்து வந்த ஆசிரியரின் தமிழையும், சிங்கள அயலவரின் தமிழையும் சம்பள நாளின் மறுநாள் ஒரே வீதியிற் கேட்கலாம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, ஹப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களின் லயங்கள் பலவற்றில் அந்நாளில் மின்சாரம் இல்லை. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின்னரும் நெடுங்காலம் வானொலியே அங்கு அரங்கமாக விளங்கிற்று. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தவர்கள் கேட்டுச் சிரித்த குரல்கள் அவர்கள் கடைவீதியிற் கண்ட மனிதரின் குரல்களேயாம்.

பிறரது பேச்சைப் போலப் பேசிச் சிரிக்கச் செய்வது அறமாகுமா என்பதே ஈண்டு எழும் வினா. தொல்காப்பியம் நகை தோன்றுதற்குரிய நான்கு நிலைக்களன்களுள் எள்ளலையும் ஒன்றாக வைத்துள்ளது. 1900இல் வெளிவந்த தமது நூலில் பிரெஞ்சு அறிஞர் பேர்க்சன், சிரிப்பவர் உள்ளம் அக்கணத்தில் இரக்கத்தை ஒத்திவைக்கின்றது என்றார். அவ்வாறாயின் சிரிப்பு இயல்பிலேயே கொடிதாகும். வள்ளுவரோ இரு நுண்ணிய கருத்துகளை ஒரே அதிகாரத்துள் வைத்தார். விளையாட்டிற்கூட இகழ்ச்சி துன்பந் தருவது என்பது ஒன்று. பிறரோடு கலந்து மகிழ அறியாதவர்க்குப் பகலும் இருளாகும் என்பது மற்றொன்று. அவ்வதிகாரத்தின் பெயர் பண்புடைமை. சிரிப்பின்றி வாழ்வு இருளாகும். இகழ்ச்சி கலந்தாற் சிரிப்பு நஞ்சாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோட்டினை அறிவதே பண்பு எனலாம்.

அக்கோட்டினை எவ்வாறு அறிவது? கோமாளிகள் என்ற தலைப்பே விடையின் ஒரு பகுதியைத் தருகின்றது. நால்வரும் கோமாளிகள். தன் தமிழே செந்தமிழ் என்று பெருமை கொள்ளும் வழக்கும் அங்கு கோமாளியின் வாயிலேயே ஒலித்தது. ஒருவர் நீதிபதியாக அமர்ந்து ஏனைய மூவரை எள்ளி நகையாடவில்லை. ஒருவன் உயரத்தில் நின்று மற்றவனைப் பார்த்துச் சிரிப்பது இகழ்ச்சி. அனைவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பது உறவு. இரண்டாவது சான்று அவரது பெயராகும். ஏற்ற வேடத்தின் பெயரே அவரது இயற்பெயரின் முன் அமர்ந்து இறுதிவரை நிலைத்தது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுத் தமிழ் பேசும் இரு சமூகங்களிடையே ஆழ்ந்த புண் ஏற்பட்ட காலத்திலும் ‘மரிக்கார்’ என்ற சொல் ராம்தாஸ் என்ற பெயரை விட்டு உதிரவில்லை. இகழ்வதற்காக அணிந்த முகமூடியை எவரும் வாழ்நாள் முழுவதும் பெயராகச் சுமப்பதில்லை.

எனினும் இவ்வினாவுக்கு இருண்ட பக்கமொன்றும் உண்டு. 1983 ஜூலை வன்முறையில் பதுளை நகரும் எரிந்தது. தமிழரின் கடைகளும் வீடுகளும் அழிந்தன. 1958இலும் 1983இலும் வழிப்போக்கரை நிறுத்திச் சிங்களச் சொல்லொன்றை உச்சரிக்கச் செய்து, நாப் பிறழ்ந்தவரைத் தமிழர் என்று இனங்கண்ட கொடுமை பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. உபாலியின் நாப் பிறழ்ந்தபோது வானொலியிற் சிரிப்பு எழுந்தது. தமிழனின் நாப் பிறழ்ந்தபோது வீதியில் உயிர் போயிற்று. இரண்டிடத்தும் செவி கேட்டது ஒன்றையே. அஃது உச்சரிப்பின் வேறுபாடு. வேறுபாட்டைக் கேட்கும் செவி தானாக நன்மையும் அன்று, தீமையும் அன்று. கேட்டதைக் கொண்டு அயலானை அருகழைப்பதா, அடித்துத் துரத்துவதா என்னும் தெரிவிலேயே அறம் பிறக்கின்றது.

சிரிப்பு எதையும் தடுக்கவில்லையே என்று சிலர் வினவலாம். அவ்வினா நேர்மையானது. 1976இல் அரங்குகளிற் சிரிப்பொலி கேட்டது. அடுத்த ஆண்டிலேயே இனவன்முறை மூண்டு தோட்டங்களையும் தாக்கியது. நகைச்சுவை நடிகர் காவலர் அல்லர். அவரிடம் கேடயத்தை எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆனால் வேறுபட்ட நாக்குகள் ஓரிடத்தில் அச்சமின்றி ஒலித்தல் கூடும் என்பதை அவர் காட்டினார். கூடும் என்று ஒருமுறை காட்டப்பட்டதைக் கூடாதென்று பின்னர் எவரும் சாதிக்க இயலாது.

இவ்விடத்தில் ஊவாவின் நேயருக்கு மற்றுமொரு வினா எஞ்சுகின்றது. அந்நால்வருள் தோட்டத் தமிழ் பேசுபவர் எவரும் இல்லை. பெரட்டுக்களத்தின் தமிழ், காம்பராவின் தமிழ், கவ்வாத்து, கொந்தரப்பு என்று உழைப்பின் வரலாற்றையே சொற்களாகச் சேமித்த தமிழ் ஐந்தாவது இருக்கையின்றி வெளியே நின்று சிரித்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட மக்களுட் பலர் 1976இலும் எந்த நாட்டுக்கும் உரியவராக இருக்கவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. இதனை ஒரு நடிகரின் குற்றமாகக் கூறுதல் நீதியன்று. மேடை நாட்டின் நிழலாகும். ஆயினும் ஓர் உண்மை இதனாற் புலனாகின்றது. ‘தோட்டக்காட்டான்’ என்று இகழப்படுவது வேறு. சமமான கோமாளியாக மேடையேற்றப்படுவது வேறு. முன்னது ஒருவனை வெளியே தள்ளுகின்றது. பின்னது அவனும் நம் வீட்டான் என்று ஒப்புக்கொள்கின்றது. பொதுச் சிரிப்பில் இடம்பெறுவதும் ஒருவகைக் குடியுரிமையேயாகும்.

ஆதலின் இத்தகைய கலைஞரை நினைவுகூர்தல் பழைய பேச்சுகளை மீளச் சொல்லிச் சிரிப்பதுடன் முடிந்துவிடாது. பதுளைப் பேருந்து நிலையத்தில் அருகே நிற்பவர் வாய் திறந்ததும், அவர் எவ்வூர், எவ்வினம் என்று செவி தானாகவே கணித்துவிடுகின்றது. அக்கணிப்பைத் தொடர்ந்து முகத்திற் புன்னகை வருகின்றதா, இறுக்கம் வருகின்றதா என்பதே அந்நடிகர் விட்டுச் சென்ற சோதனை. அயலாரின் தமிழை அன்போடு கேளாத ஒருவர் அதனை அவ்வளவு நுட்பமாகப் பேசியிருத்தல் இயலாது. அவர் முதலிற் செய்தது நடிப்பன்று, கேட்டல். சிரித்தவர்கள் பட்ட கடன் அக்கேட்டலைத் தொடர்வதாலேயே தீரும்.