காணாமல் வாங்கிய ஆசனம்



காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் தொழில் நிமித்தமாகக் குடியிருக்கும் நம்மவர் இல்லம் ஒன்றிலிருந்து வினா ஒன்று வந்துள்ளது. மகனும் மருமகளும் புதுமனை புகும் முன்னர், கூடத்தில் மூவர் அமரத்தக்க சோபா ஒன்றினைச் செல்பேசியில் படம் பார்த்து, பணம் செலுத்தி வரவழைத்தனர். படத்தின் கீழே ‘லெதர்’ என்னும் சொல்லும் அதனோடு மற்றொரு சொல்லும் இருந்தனவாம். ரெக்சின் போன்றதொன்று எனக் கருதிவிட்டனர். பொருள் வந்து உறையைப் பிரித்தபோது தோல் மணம் கூடமெங்கும் பரவிற்று. இல்லத்து மூதாட்டியார் பகலுணவு விரதம் காப்பவர். அவர் அதில் அமரவில்லை. அந்நாள் முதல் கூடத்திற்கும் வாராது, பின்கட்டில் பாய் விரித்து அமர்கிறார். “தோல் என்று அறிந்து நாங்கள் வாங்கவில்லையே, அறியாது செய்ததும் வினையாகுமோ? இனி இதனை என் செய்வது?” என்று கேட்டுள்ளனர்.

வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் கூடத்திற்கும் பின்கட்டிற்கும் இடையே ஒரு குடும்பம் பிரிந்து நிற்கின்றது. ஆதலின் விரிவாகவே விடை கூற வேண்டும்.

முதலில், அறியாமை பற்றிய வினாவை நோக்குவோம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர்க்குக் கேடு நேர்வதை மட்டும் கூறி அமையவில்லை. பிரமாதத்தோடு கூடிய மன, மொழி, மெய்களின் இயக்கத்தால் நேரும் கேடே இம்சை என்றார். பிரமாதமாவது விழிப்பின்மை. நிலத்தை நோக்கி அடியெடுத்து வைக்கும் முனிவரின் காலடியில் சிற்றுயிர் ஒன்று தானே வந்து வீழ்ந்து மாயினும் அவருக்கு அவ்வினைப்பந்தம் இல்லை. நோக்காது நடப்பவனுக்கோ, ஓருயிரும் மாயாதபோதும் பந்தம் உண்டு. ஆகவே, ‘அறிந்தாயா?’ என்பதோடு, ‘அறிய முயன்றாயா?’ என்றும் நூல் நம்மைக் கேட்கிறது.

அதே அத்தியாயத்தில் அகிம்சை விரதம் நிலைபெறுதற்கு ஐந்து பாவனைகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு நமக்கு ஈண்டு வேண்டுவன. ஒன்று, பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோக்கிச் செய்தல். இது ஆதான நிக்ஷேபண சமிதி எனப்படும். மற்றொன்று, உண்பதையும் பருகுவதையும் கண்ணால் நோக்கிய பின் கொள்ளுதல். இது ஆலோகித பான போசனம். மயிற்பீலி ஏந்திய முனிவர் தம் கமண்டலத்தைத் தரையில் வைக்கும் முன்னும் அவ்விடத்தைப் பீலியால் ஒதுக்குவதை நாம் கண்டிருக்கிறோம். இல்லறத்தார்க்கு அத்துணை நுட்பம் இயலாது என்பது உண்மையே. ஆயினும் நம் இல்லங்களில் தண்ணீரைத் துணியிட்டு வடிகட்டுகிறோம். துவரையை முறத்தில் பரப்பி வண்டு பார்க்கிறோம். ஒரு படி பருப்பிற்கு இத்துணைக் கண் செலுத்தும் இல்லத்தில், பல்லாயிரம் ரூபாய்ப் பொருள் ஒன்று ஒற்றை விரல் தொடுதலில் உள்ளே வந்துவிடுகிறது.

நேரில் கடைக்குச் சென்றிருந்தால் இப்பிழை நேர்ந்திராது என்று கூறிவிடவும் இயலாது. கடைக்குச் செல்வோரிலும் பலர் அமர்ந்து, மெத்தையை அழுத்தி, நிறம் சுவருக்குப் பொருந்துமா என்று பார்த்துத் திரும்புவோரே. காணுதல் என்பது வினவி அறிதல். இது என்ன பொருள், எவ்வுயிரினின்று வந்தது என்று கேளாத கண், பொருளின் முன் நின்றும் காணாத கண்ணே. (இதனை நற்காட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டா. மும்மணிகளுள் முதலதாகிய நற்காட்சி மெய்ப்பொருளில் கொள்ளும் நம்பிக்கை, ஊனக்கண் பார்வையன்று.)

இனி, அப்பெயர்களைச் சிறிது விளக்குவேன். மாடு, எருமை ஆகியவற்றின் தோல் தடித்தது. ஆதலின் அதனைப் படலங்களாகப் பிளப்பர். மயிர் இருந்த மேற்படலம் விலை மிக்கது. அடிப்படலம் ‘ஸ்பிளிட் லெதர்’ எனப்படும். அதன்மேல் மேற்பூச்சு இட்டு விற்பர். தோல் வெட்டும்போது எஞ்சும் துண்டுகளை அரைத்து, பசை சேர்த்து, துணியின்மேல் படியவைத்து, மேலே பூச்சிடுவது ‘பாண்டட் லெதர்’. பெயரிலும் தோல், உள்ளும் தோல். ஆயினும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். ‘லெதரெட்’, ‘பி.யு. லெதர்’, ரெக்சின் ஆகியவை பொதுவாகத் துணியின்மேல் நெகிழிப் பூச்சு இட்டவை. ‘ஜெனுயின் லெதர்’ என்பது தோல் என்பதற்கு மேல் யாதும் கூறாத சொல். எப்படலம் என்பதை அது மறைத்துவிடும். உடல் படும் இடங்களில் மட்டும் தோலும், பக்கங்களிலும் பின்புறத்தும் செயற்கையும் வைத்துத் தைப்பதும் உண்டு. ஆட்டுத்தோல் சிறியதாகலின் சோபாவுக்குப் பெரும்பாலும் மாட்டினத் தோலே கொள்ளப்படும்; மூவர் அமரும் ஆசனம் முழுமைக்கும் தோல் போர்த்த ஒரு மாடு போதாது. கைப்பேசித் திரையில் இவை யாவும் ஒரே பளபளப்பில் தோன்றும்.

ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் வாரந்தோறும் கூடும் மாட்டுச்சந்தையைப் பாருங்கள். கொங்கு வேளாளர் ஒருவர் எருது வாங்க வந்தால் வாயைத் திறந்து பல் எண்ணுவார், சுழி பார்ப்பார், திமிலையும் கொம்பையும் தடவுவார், பத்தடி நடக்கவிட்டு நடை பார்ப்பார். பின்னரே துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசுவார். காணாமல் மாடு வாங்கினான் என்றால் ஊர் நகைக்கும். உயிரோடு நின்றபோது இத்துணைக் கண்கள் ஆராய்ந்த மாட்டினை, உயிர் நீங்கித் தோலாகிய பின் ஒருவரும் நோக்காமல் வாங்குகிறோம்.

“பாலுக்கும் உழவுக்கும் வளர்த்த மாடு இறைச்சிக்குச் செல்கிறது, தோல் எஞ்சியது தானே, அதனை விட்டால் வீணன்றோ?” என்று இளைஞர் சிலர் வாதிடுவர். தோலுக்குக் கிடைக்கும் விலையையும் கணக்கிட்டே மாட்டுக்கு விலை வைக்கிறார்கள். நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அங்கே சென்று சேர்கிறது. செய்தல், செய்வித்தல், செய்தார்க்கு உடன்படுதல் என வினை வரும் வழி மூன்று. அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாக நூல் கூறும் ஐந்தினையும் எண்ணிப் பாருங்கள்: கட்டுதல், அடித்தல், உறுப்பினைச் சிதைத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல். அடிமாடுகளை நெருக்கி ஏற்றிச் செல்லும் லாரியை வழியில் கண்டோர்க்கு இவ்வைந்தும் புதியன அல்ல. தானே இறந்த மாட்டின் தோலும் உலகில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்தது எது என்று அப்படம் கூறுமா?

கொடுமுடியில் வாழ்வோர் இதற்கு மேலும் ஒன்றைக் காணலாம். பவானிக் கூடுதுறை அருகே தொடங்கும் காலிங்கராயன் வாய்க்கால், பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. ஈரோட்டைக் கடந்து வயல்களை ஊட்டி, கொடுமுடி வட்டாரத்தில் நொய்யலை அடைந்து முடிகிறது. ஈரோட்டுத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பல்லாண்டுகளாக அவ்வாய்க்காலில் கலந்தது. கழிவினைப் பிரிக்க அதன் அருகே சிறுவாய்க்கால் ஒன்று தனியே அமைக்க நேர்ந்தது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 28-8-1996 அன்று அளித்த தீர்ப்பினை வட ஆர்க்காட்டு நம்மவர் அறிவர். அதில் அன்றைய ஈரோடு பெரியார் மாவட்டத்து ஆலைகளும் அடங்கின. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் மாசுத் தண்டம் விதிக்கப்பட்டது. பதனிட்ட தோல் ஒரு கிலோவிற்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும் என்று அத்தீர்ப்பிலேயே காணப்படுகிறது. பாலாறு பற்றி 2025 சனவரியிலும் அம்மன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்பது நம் ஆகமம். வடிகட்டிக் குடிக்கும் நம் வீட்டு நீரும் அந்நீரே.

நியாயம் கருதி மற்றொன்றும் கூறவேண்டும். அவ்வாய்க்காலைக் கெடுத்ததில் சாயப்பட்டறைகளுக்கும் பங்குண்டு. ஆதலின், ‘தோல் தவிர்த்தோம், பருத்தி விரித்தோம்’ என்று தருக்குவதற்கும் இடமில்லை. குறைந்த தீங்கினைத் தேர்ந்தோம் என்ற அளவே நமக்குரியது. அத்தொழிலில் கூலிக்கு உழைப்போரைக் குறை கூறுவதும் இக்கட்டுரையின் கருத்தன்று. அவர்கள் கையை நீட்டியது நம் பணம்.

தோல் என்றே விரும்பி வாங்கிப் போலியைப் பெற்றோரும் உண்டு. இரண்டாம் ஆண்டில் செதில் உரிந்தபோது, “பணம் போயிற்று, ஆனால் தோலன்று என்றாயிற்றே, பாவமாவது இல்லை” என்று ஆறுதல் கொண்டார் ஒருவர். யசோதர காவியத்தை அவர்க்கு நினைவூட்டினேன். யசோதர மன்னன் தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி, சண்டமாரிக்கு உயிர்க்கோழிக்கு மாறாக மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். குருதி சிந்தவில்லை, ஓருயிரும் பிரியவில்லை. ஆயினும் கோழி என்று கருதி வாளை ஓங்கிய அந்த எண்ணம் தாயையும் மகனையும் விலங்குப் பிறவிகளில் மாறி மாறித் தள்ளிற்று. கடைக்காரர் ஏமாற்றியது கையில் வந்த பொருளைத்தான். வாங்கியவர் மனத்தில் எழுந்த விருப்பத்தை அவர் மாற்றவில்லை. விற்றவர்க்குத் தனி வினை உண்டு. போலியை மெய்யென்று விற்றல் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகிய பிரதிரூபக வியவகாரம் ஆகும்.

அங்ஙனமாயின் ரெக்சினும் விலக்கோ என்று கேட்பீர்கள். குழந்தைகள் உள்ள வீடு, துடைக்க எளிது என்று பூச்சிட்ட துணியை வாங்குவோர்க்கு அக்குற்றம் இல்லை என்பதே என் கருத்து. விருந்தினர் பார்த்துத் தோல் என்று வியக்கவேண்டும் என்பதற்காக வாங்குவோர், மாக்கோழியைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நலம். இது என் கருத்தேயன்றி நூலின் கட்டளையன்று. மரச்சட்டத்தில் தென்னைநார் அல்லது இலவம்பஞ்சு அடைத்த பருத்தித் திண்டு கொங்கு நாட்டில் எளிதில் கிடைக்கும். பவானி ஜமக்காளம் இருக்கவே இருக்கிறது. பட்டுத் திண்டினைப் பற்றி நான் இங்கு எழுதப் புகுந்தால், திருமணக் காலத்தில் பல இல்லங்களில் இவ்விதழைப் பிரிக்கமாட்டார்கள். ஆதலின் அதனைப் பிறிதொரு முறை கூறுவேன்.

கொடுமுடியிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே சென்றால், நொய்யலைக் கடந்து, புகலூர் வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை உள்ளது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், சேரர்குல இளங்கடுங்கோ இளவரசனானபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் நம் முனிவர்க்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி அங்குக் கல்வெட்டாக உள்ளது. கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவனும் அங்கே கல்லிருக்கை அளித்துள்ளான். பொன் விற்றவன் கொடுத்ததும் வெறுங்கல்லே. மேற்கே அறச்சலூர் நாகமலைக் குகையிலும் கற்படுக்கைகள் உண்டு. அங்குள்ள பழங்கல்வெட்டு மணிய வண்ணக்கன் தேவன் சாத்தனைக் குறிக்கிறது. வண்ணக்கன் என்போன் மணியும் பொன்னும் கண்டு தரம் தேர்பவன். கண்டு தேர்தலையே தொழிலாகக் கொண்ட ஒருவன் பெயர் இவ்வட்டாரத்துப் பாறையில் நிலைத்திருக்கிறது. பேரக் குழந்தைகளை ஒருநாள் அவ்விரு மலைகளுக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

இனி இரண்டாம் வினா. வந்த பொருளை என் செய்வது?

விற்றவரின் விளக்கத்திற்கு மாறான பொருள் வந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மைகளுக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுத்தலாகாது. மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆயின் விளக்கம் சரியாகவே இருந்து, படித்தவர் பொருள் உணராது போயிருந்தால், விற்றவர்மேல் பழி சுமத்துதல் பொய்ம்மையாகும். அந்நிலையில் அதனைத் தோல் என்றே வெளிப்படக் கூறி, வேண்டுவோர்க்கு விற்றுவிடலாம். வரும் பணத்தைச் சீவதயைக்குச் செலவிடுதல் நன்று; ஆனால் அதனைப் பாவத்திற்குச் செலுத்திய விலை என்று எண்ணிவிட வேண்டா. எரித்தலும் குப்பையில் எறிதலும் ஆகா; போன உயிர் மீளாது, புதிய தீங்கே விளையும். கூடத்திலேயே வைத்துக்கொண்டு மகிழ்ந்து அமர்வதோ, ஒவ்வொரு முறையும் புதிதாக உடன்படுவதாகும். பின்னர்ச் சினாலயத்தில் குற்றத்தைத் தாமே கூறி நிந்தித்து, இனி வாங்கும் பொருள்களுக்கு வரையறை செய்துகொள்ளட்டும். மீண்டும் மீண்டும் துய்க்கும் ஆசனமும் ஆடையும் உபபோகத்துள் அடங்கும். அவற்றிற்கு அளவு செய்தல் போகோபபோக பரிமாண விரதம்.

அடுத்த முறை செல்பேசியிலேயே வாங்க நேர்ந்தாலும், பணம் செலுத்தும் முன் எழுத்து மூலம் கேளுங்கள்: மேலுறை எதனால் ஆனது? தோலோ தோல்தூளோ எப்பகுதியிலேனும் உண்டா? உறைத்துணியின் சிறு துண்டு ஒன்றை அனுப்ப இயலுமா? விடை வாராத இடத்தில் வாங்க வேண்டா. எழுதித் தந்த விடை, பின்னர் முறையீட்டிற்கும் சான்றாகும்.

மூதாட்டியாரைப் பற்றி ஒரு சொல். ‘பாட்டிக்குக் காலம் தெரியவில்லை’ என்று பேரர்கள் எழுதியிருந்தனர். அவர் யாரையும் வையவில்லை, உண்ணாது வருத்தவில்லை. தாம் கொண்ட விரதத்தோடு பின்கட்டில் அமர்ந்தார், அவ்வளவே. சோபா வெளியேறும் நாள் வரை காத்திராமல், மருமகள் இன்று மாலையே கூடத்தில் ஒரு கோரைப்பாய் விரித்து அவரை அழைத்து வரட்டும். மற்றவர்களும் அப்பாயிலேயே அமரட்டும்.

காலணி, இடைவார், மத்தளம் ஆகியவை பற்றியும் அதே கடிதத்தில் கேட்டுள்ளனர். இடமின்மையால் அவற்றை அடுத்த இதழில் எழுதுவேன்.